வளர்ற பிள்ளைக்கு ஒரு ஜூனியர் கிரிக்கெட் கிட்: எட்டு சாமானில் எது உருப்படி?

கோச்சிங் கேம்ப்பில் பேர் கொடுத்த மூன்றாம் நாள், "எல்லாரும் கிட் வச்சிருக்காங்க" என்று வீட்டில் மனு தாக்கலாகும். 'எல்லாரும்' என்பது பெரும்பாலும் இரண்டு பேர். அந்த மனுவுக்கென்றே கடைகளில் காத்திருப்பதுதான் ஜூனியர் ஃபுல் செட்: காஷ்மீர் வில்லோ (காஷ்மீரில் விளையும் வில்லோ மரம்) மட்டை, காலுக்கு பேடு, கிளவுஸ், ஹெல்மெட், தொடை கார்டு, முழங்கை கார்டு, அப்டமன் கார்டு (அடிவயிற்றுக்குக் கீழே உள்ளாடைக்குள் வைக்கும் காப்பு), இத்தனையையும் திணிக்க ஒரு பை. 5,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். தனித்தனியாக வாங்கினால் இதைவிடக் கூடத்தான் ஆகும். ஆனாலும் ஹெல்மெட்டையும் மட்டையையும் தனியாக எடுப்பதே நல்லது. ஏன் என்பதற்குக் கடையில் தினமும் கேட்கிற ஒரு வசனம் போதும்: "வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே குடுங்க."

யூனிஃபார்முக்கு இந்த யோசனை சரி. ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு வருஷா வருஷம் பிரித்துவிடலாம். மட்டையை எப்படி மடித்துத் தைப்பது?

மட்டைக்கு வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 4 அடி 6 அங்குலத்திலிருந்து 4 அடி 9 வரை 3ஆம் நம்பர், 4 அடி 11 வரை 4, 5 அடி 2 வரை 5, 5 அடி 6 வரை 6. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். செட்டில் வரும் மட்டை பெட்டியின் மேல் எழுதிய வயதை வைத்துப் போட்டது. ஒரே வகுப்பில் படிக்கும் பத்து வயதுக்காரர்களை வரிசையில் நிற்க வைத்தால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். எடையையும் பாருங்கள். 4ஆம் நம்பர் என்றால் 900 கிராமைச் சுற்றி இருக்கலாம், ஒரு கிலோவைத் தாண்டினால் வேண்டாம். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். வலதுகை ஆட்டக்காரன் என்றால் இடதுகையால் மட்டும் பிடியின் உச்சியைப் பிடித்து, தோள் உயரத்தில் நேராக நீட்டட்டும். பத்து எண்ணுவதற்குள் மட்டையின் நுனி இறங்கினாலோ, பிள்ளை பின்னால் சாய்ந்தாலோ, திருப்பி வைத்துவிடுங்கள். கனமான மட்டையில் பிடியின் மேலே பிடிக்கும் கை தளர்ந்து கீழே பிடிக்கும் கை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்; நேராக வரும் பந்தெல்லாம் குறுக்கே மிட்விக்கெட் (கால் பக்கத்து மைதானம்) பக்கம் இழுபட்டு, கடைசியில் ஸ்டம்ப் பறக்கும். எல்லைக்கோட்டில் நின்று "நேரா ஆடுடா" என்று தொண்டை வற்றக் கத்தும் அப்பாவுக்கு, தான் வாங்கிக் கொடுத்த 6ஆம் நம்பர் மட்டைதான் குற்றவாளி என்று யார் சொல்வது?

மரத்தையும் விசாரியுங்கள். ஸ்டிக்கரில் 'பாப்புலர் வில்லோ' என்று போட்டிருந்தால், ஊரெல்லாம் பிரபலமான வில்லோ போல என்று ஏமாற வேண்டாம். அது பாப்லர் என்ற வேறு மரம். டென்னிஸ் பந்துக்குத் தாராளமாகத் தாங்கும், லெதர் பந்து பட்டால் முகம் குழியும், ஓரம் பிளக்கும். மட்டையின் முகம் முழுவதையும் தாள் ஒட்டி மறைத்திருந்தால் உள்ளே என்ன மரம் என்று வாய்விட்டுக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

'ரெடி டு ப்ளே' என்ற எழுத்தை நம்பி நேரே வலைப்பயிற்சிக்கு அனுப்புவது அடுத்த தவறு. புது மட்டைக்கு முதலில் எண்ணெய். பச்சையான ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். துணியில் தொட்டு முகம், ஓரம், நுனி மூன்றிலும் மெல்லியதாகத் தேய்த்து, 24 மணி நேரம் படுக்கை வசத்தில் வைக்கவும். இப்படி இரண்டு முறை. பிடி மரத்தோடு சேரும் 'வி' வடிவ ஒட்டில் எண்ணெய் படக்கூடாது, பசை விட்டுப்போகும். பெயின்ட் கடையில் கேட்டால் 'டபுள் பாயில்டு' ஆளிவிதை எண்ணெயைக் கொடுப்பார்கள். அது மேலே தோலாகக் காய்ந்துவிடும், மரத்துக்குள் இறங்காது. சமையலறை நல்லெண்ணெய் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு தட்டல், அதாவது லெதர் பந்தின் அடியில் பிளக்காமல் இருக்க முகத்தைத் தட்டித் தட்டி இறுக வைப்பது. மரச்சுத்தியல் இல்லாவிட்டால் பழைய லெதர் பந்தை ஒரு சாக்ஸுக்குள் போட்டு முடிந்துகொள்ளலாம். முதல் அரைமணி நேரம் கதவைத் தட்டுகிற அளவுக்கு மெதுவாக, பிறகு படிப்படியாகப் பலமாக. ஓரத்தை நேர்க்குத்தாக அடிக்காமல் முகமும் ஓரமும் சேரும் இடத்தைச் சாய்வாக அடித்து உருட்ட வேண்டும். புது மட்டை பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். நுனியின் அடிப்பக்கத்தில் தட்டவே கூடாது. ஒரே மூச்சில் முடிக்காமல் தினம் 15 நிமிடமாக, மொத்தம் நான்கைந்து மணி நேரம். அடுக்குமாடியில் இதை இரவு ஒன்பது மணிக்குச் செய்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். மாலையில் மிக்ஸிகள் ஓடும் நேரமே உசிதம். முடிந்ததா என்று பார்க்கப் பழைய பந்தை லேசாகப் போட்டு ஆடவிடுங்கள். பந்தின் தையல் முகத்தில் ஆழமாகப் பதிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கிறது. நுனிக்கு ஒரு ரப்பர் கார்டு ஒட்டிவிடுங்கள். காலைப் பனியில் நனைந்த தரையில் மட்டையை ஊன்றி நின்றே நுனி ஊறிப் பெருத்துவிடும்.

செட்டில் மிகவும் பலவீனமான சாமான் ஹெல்மெட். பின்னால் ஒரு திருகு இருப்பதால் 'எல்லாத் தலைக்கும் பொருந்தும்' என்பார்கள். புருவத்துக்கு மேலாக இஞ்ச் டேப்பைச் சுற்றி அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். வாரைக் கட்டியபின் தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே திரும்ப வேண்டும், தனியாக ஆடக்கூடாது. முன்பக்க விளிம்புக்கும் கம்பிவலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பந்து நுழையக்கூடாது. 13 வயதுக்குட்பட்டோரின் பந்து பெரியவர்கள் பந்தைவிடச் சிறியது என்பதால் பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளியில் சின்னப் பந்து புகுந்துவிடலாம். பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் ஜூனியர் பந்துக்கென்று தனிச் சோதனை உண்டு. மலிவு செட்களில் இந்த முத்திரையைத் தேடிக் கண்ணாடி மாட்டினாலும் கிடைப்பது அபூர்வம். பலமாக ஓர் அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

பேடும் கிளவுஸும் செட்டில் வருவதே போதும், அளவு சரியாக இருந்தால். முட்டி, பேடின் நடு மடிப்பில் உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் மேல் மடல் தொடையில் இடிக்கும். இரண்டாவது ரன்னுக்குப் பிள்ளை வாத்து மாதிரி ஓடும், ரன் அவுட் ஆகும். வார்களின் முனை காலின் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்பக்கம் வந்தால் ஒன்றோடொன்று சிக்கும். இடதுகை ஆட்டக்காரரின் வீட்டினர் பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். கிளவுஸில் கட்டைவிரல் காப்பும், தொடை கார்டும் வலது, இடதுக்கு வேறு வேறு. வியர்வைக்கு உள்ளே பருத்தி இன்னர் இரண்டு ஜோடி தனியாக வாங்குங்கள். கிளவுஸை வெயிலில் காயப்போட்டால் தோல் அப்பளமாகும், வாஷிங் மெஷினில் போட்டால் கதை முடிந்தது. நிழலில் விரித்து வைத்தால் போதும்.

அப்டமன் கார்டில் பெரியவர்கள் அளவைப் போட்டு அனுப்பும் செட்கள் உண்டு. 100, 200 ரூபாயில் சிறுவர் அளவு தனியாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி வையுங்கள். மேட்ச் அன்று காலை ஆறு மணிக்கு வீடே சேர்ந்து தேடும் ஒரே சாமான் அதுதான். முழங்கை கார்டைப் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் வாரமே கழற்றிவிடுவார்கள், அதற்காகச் சண்டை வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்கள் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது. கடைகள் வரிசையாக இருக்கின்றன, மட்டையைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். செட்டிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவிட்டு விலை போடச் சொல்லிப் பேசியும் பார்க்கலாம். ஆன்லைனில் படத்தைத்தான் பார்க்க முடியும்.

கடைசியாகப் பை. தண்ணீர் பாட்டில், ஷூ எல்லாம் சேர்ந்து ஆறேழு கிலோ வரும். சக்கரம் வைத்த நீளப்பை கடையின் டைல்ஸ் தரையில் அழகாக உருளும், மைதானத்து மண்ணில் உழும். ஸ்கூட்டரின் முன்னால் வைத்தால் ஹேண்டிலைத் திருப்ப முடியாது. முதுகில் மாட்டும் பை, மட்டைக்குப் பக்கவாட்டில் தனி உறையோடு இருந்தால், அதுவே மேல். ஜிப் முதல் சீசனிலேயே பிய்யும். தெருமுனையில் பை தைப்பவரிடம் 10ஆம் நம்பர் ஜிப்பாகக் கேட்டு மாற்றிக்கொண்டால், இந்தப் பை அடுத்த இரண்டு மட்டைகளையும் பார்த்துவிடும்.