கிறிஸ்துமஸ் மாஸ் 350 ரூபாய்: வாங்குவதற்கு முன் இலையின் செல்லைப் பாருங்கள் (5க்கு 3)

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடை. பெயர் வேண்டாம், ஆட்கள் நல்லவர்கள். போன மாதம் அங்கே இரண்டு டப்பா மாஸ் (moss, மீன்தொட்டியில் வளர்க்கும் குட்டிப் பச்சைச் செடி) வாங்கினேன். ஒன்று ‘ஜாவா மாஸ்’, 100 ரூபாய். மற்றது ‘கிறிஸ்துமஸ் மாஸ்’, 350 ரூபாய், உள்ளங்கை அகல ஸ்டீல் வலையில் கட்டியது. வீட்டுத் தொட்டியில் செர்ரி இறால் வளர்க்கிறேன். குட்டி இறால் ஒளியவும் மேயவும் மாஸை விட்டால் நல்ல இடம் கிடையாது.

“காசு குடுத்துப் பாசி வாங்குற ஒரே ஆளு நீதான்டி” என்றார் அம்மா. அவருக்குக் கிணற்றடியில் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பதும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி. பிளஸ் ஒன் தாவரவியல் வகுப்பில் ஆல்காவையும் மாஸையும் பிரித்துச் சொல்ல வருடா வருடம் நான் படும் பாடு இந்த ஒரு சொல்லால்தான்.

சரக்கில் குறையில்லை. நுனி கருகவில்லை, நாற்றமில்லை. பஸ்ஸில் திருவள்ளூர் வந்து சேரும்வரை பச்சை பச்சையாகவே இருந்தது. ஜாவா டப்பாவில் மட்டும் இரண்டு நத்தைமுட்டைக் கொத்து. எதை வாங்கினாலும் ஒரு வாரம் தனி வாளியில் போட்டுவைப்பது என் வழக்கம் என்பதால் தப்பித்தேன்.

வினை அதற்கப்புறம். கிறிஸ்துமஸ் மாஸ் என்றால் பக்கக் கிளைகள் ஒழுங்காகப் பிரிந்து, முக்கோணமாகக் கீழ்நோக்கிச் சாய வேண்டும், பெயரே அதனால்தான். என் வலையிலோ புதுத் தளிர் எல்லாம் தலை வாராத பிள்ளை மாதிரி நாலாபுறமும் நீட்டிக்கொண்டு நின்றது. வளரும் விதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, வெளிச்சம் குறைந்தால் எந்த மாஸும் உருமாறும். வித்தகம் (வித்துகள் உண்டாகும் பை) இருந்தால் வேலை சுலபம், ஆனால் தண்ணீருக்குள் வளர்கிற மாஸில் அதைப் பார்ப்பதே அபூர்வம். மிச்சம் இருப்பது இலைதான்.

திங்கட்கிழமை இரண்டு டப்பாவிலிருந்தும் ஒரு கிள்ளு எடுத்துப்போய்ப் பள்ளி ஆய்வக நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் இலை. இடுக்கியால் தண்டை நுனியிலிருந்து கீழ்நோக்கி உருவினால் இலைகள் அடியோடு கழன்று வரும். ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கண்ணாடி வில்லை, அவ்வளவுதான். இலைப்பரப்பு ஒரே அடுக்குச் செல் என்பதால் சீவ வேண்டிய அவசியமில்லை. 100 மடங்கில் பார்த்தால் இரண்டிலுமே இலை நீள்முட்டை வடிவம், நுனி மெல்ல மெல்லக் கூர்மையாகிறது, நடுநரம்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 400 மடங்குக்குத் திருப்பியதும் விஷயம் தெளிவாகிவிட்டது: ஒல்லி ஒல்லியான நீளச் செல்கள், சேமியாவை ஒரே வாக்கில் படுக்கவைத்த மாதிரி. இது டாக்ஸிஃபில்லம் பார்பியெரி, அதாவது சந்தையில் ஜாவா மாஸ் என்று விற்கப்படுவது.

கிறிஸ்துமஸ் மாஸ் வெசிகுலேரியா மோன்டாக்னை. வெசிகுலேரியா என்ற அந்தப் பேரினத்தில் செல் குட்டையாக, அகலமாக, வலை பின்னியது போல் அறுகோணமும் சாய்சதுரமுமாக இருக்க வேண்டும். என் 350 ரூபாய் இலையில் அப்படி ஒரு செல்கூட இல்லை. இரண்டு டப்பாவும் ஒரே மாஸ்.

இந்தக் குழப்பம் கொளத்தூரில் பிறந்ததல்ல. பழைய மீன்தொட்டிப் புத்தகங்களில் ஜாவா மாஸுக்கு வெசிகுலேரியா டுபியானா என்றுதான் பெயர் போட்டிருப்பார்கள். 2000-களின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் இருந்த மாஸ் அறிஞர் பெனிட்டோ டான் சந்தை மாஸ்களை ஆராய்ந்த பிறகுதான் அந்தப் பெயர் ‘சிங்கப்பூர் மாஸ்’ என்ற வேறொரு மாஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அறிஞர்களே இத்தனை காலம் மாற்றிச் சொன்னதைக் கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டு என்ன பயன்?

ஆனாலும் 250 ரூபாய் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை போய் செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். “மேடம், எல்லாம் ஒரே பாசிதான், போடுற லைட்டுல மாறும்” என்றார். பாதி உண்மை. கிளை மாறும், சேமியா அறுகோணமாகாது என்றேன். படத்தை விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளறைத் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, “இதையும் பார்த்துட்டுச் சொல்லுங்க” என்று சும்மாவே கொடுத்தார். பணம் மட்டும் திரும்பவில்லை.

அந்தக் கைப்பிடியில் இருந்தது வலைச் செல்! இலை அகலம், நுனி சட்டென்று குறுகிச் சின்ன முள்ளாக முடிகிறது. வெசிகுலேரியா என்று அடித்துச் சொல்வேன். மோன்டாக்னை என்பதற்குத்தான் சாய்கிறேன்.

சரக்குக்கு முழு மதிப்பெண், பெயர்ச்சீட்டுக்கு இரண்டைக் கழித்துவிட்டேன். இறாலுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் 100 ரூபாய் டப்பாவையே எடுங்கள், குட்டிகளுக்கு வித்தியாசம் தெரியாது. கிறிஸ்துமஸ் மாஸ்தான் வேண்டுமென்றால் வலையில் கட்டியதை விட்டுவிட்டு உள்ளறைத் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குள் போனால்தான் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.