பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியம்: கிழக்குப் பக்கம், தெற்கு மூலை, இரண்டு டிக்கெட்

என் மகள் பள்ளி பேண்டில் டிராம்போன் வாசிக்கிறாள். 15 வயது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "டிராம்போன்காரர் விழுந்த மைதானத்தைப் பார்க்கணும், அம்மா" என்றாள். அவளுடைய பேண்ட் மாஸ்டர் வகுப்பில் ஒரு பழைய வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். 1982 நவம்பர் 20 அன்று பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் மோதிய ஆட்டத்தின் கடைசி நிமிடம். நாங்கள் பெர்க்லிக்குப் பக்கத்து ஊர்களில் ஒன்றான ஃப்ரீமாண்டில் குடியிருந்து பதினான்கு வருடம் ஆகிறது. பெர்க்லி வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறோம். இப்படி ஒரு கதை அங்கே நடந்தது எனக்குத் தெரியாது. அமெரிக்கன் ஃபுட்பாலும் எனக்குத் தெரியாது.

சரி, போவது என்றால் அதே இரண்டு அணிகள் மோதும் நாளிலேயே போவோம் என்று 2024 நவம்பர் 23, சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தேன். இந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் வருடாந்திர மோதலுக்கு 'பிக் கேம்' என்று பெயர். நாங்கள் பார்த்தது 127ஆவது. 1982இல் நடந்தது 85ஆவது.

டிக்கெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது ஒரு மறுவிற்பனைத் தளத்தில். ஒரு டிக்கெட் 78 டாலர் என்று காட்டிவிட்டு, கட்டணம் அது இது என்று கடைசிப் பக்கத்தில் நூறைத் தாண்டவைத்தார்கள். அதைவிட மோசம், வாசலில் நிற்கும்போது அவர்களுடைய ஆப் திறக்கவே இல்லை. பின்னால் வரிசை நிற்க, நான் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிக்கெட் போனில்தான் வரும், காகிதம் கிடையாது. அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே போனின் வாலட்டில் சேமித்துவிடுங்கள். பையும் உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பையாக இருக்க வேண்டும். என் தோள்பையை மறுபடியும் காரில் வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது.

கார் எடுத்துப் போகாமல் பார்ட் ரயிலில் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கி நடப்பது நல்லது. வளாகத்தைக் கடந்து மேட்டில் ஏற வேண்டும், அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பேச்சைக் கேட்காமல் காரில் போனேன். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம், அதைக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நடந்தோம்.

அரங்கத்தைப் பற்றி. 1923இல் கட்டியது. முதல் உலகப் போரில் இறந்த கலிஃபோர்னியாக்காரர்களின் நினைவாக எழுப்பியதால்தான் மெமோரியல் என்ற பெயர். ஸ்ட்ராபெரி பள்ளத்தாக்கின் வாயில், மலையைச் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறது. ஹேவர்டு நிலநடுக்கப் பிளவு மைதானத்துக்கு அடியில், ஒரு கோல்கம்பத்திலிருந்து இன்னொரு கோல்கம்பம் வரை நீளவாக்கில் ஓடுகிறது. 2010க்கும் 2012க்கும் இடையில் 32 கோடி டாலர் செலவில் புதுப்பித்தபோது, பிளவின் மேல் இருக்கும் பகுதிகளைத் தனித்தனித் துண்டுகளாக, பூமி நகர்ந்தால் தாமும் நகர்ந்துகொள்ளும்படி கட்டியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் புதிது, வசதியானது, நிழல் உண்டு, விலையும் அதற்கேற்றபடி. நாங்கள் எடுத்தது கிழக்குப் பக்கம். பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், தொப்பி அவசியம். முதுகு சாய வழியில்லாத பெஞ்சுதான், ஒரு மெத்தைத் துண்டு கொண்டுபோங்கள். ஆனால் மேல் வரிசைகளில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அப்பால் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா முழுக்கத் தெரியும். அந்தக் காட்சிக்காகவே நான் கிழக்கைச் சொல்வேன்.

தெற்கு மூலையை என் மகள்தான் தேர்ந்தெடுத்தாள். டிராம்போன்காரர் விழுந்தது தெற்கு முனையில்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. இருவரும் கலிஃபோர்னியா அணியின் நீலமும் தங்க நிறமும் அணிந்திருந்தார்கள். அவர்களுக்கு முன் வரிசையில் சிவப்புச் சட்டை போட்ட ஸ்டான்ஃபோர்டு பெரியவர் ஒருவர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பல வருடமாகத் தெரிந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என் மகள் அந்த அம்மாவிடம், "டிராம்போன்காரர் சரியாக எங்கே விழுந்தார்?" என்று கேட்டாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். அதற்கப்புறம் நாங்கள் பார்த்தது இரண்டு ஆட்டம், ஒன்று கண்முன்னால், இன்னொன்று அவர்கள் வாயால்.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டுக்கு அன்று ஜான் எல்வே விளையாடினார். பின்னாளில் டென்வர் அணிக்கு, தொழில்முறை ஃபுட்பாலின் பெரிய கோப்பையான சூப்பர் பௌலை இரண்டு முறை வாங்கிக்கொடுத்தவர். அது அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். ஒரு நிமிடம்கூட மீதியில்லை, கலிஃபோர்னியா 19–17 என்று முன்னால் இருக்கிறது. எல்வேக்குக் கடைசி வாய்ப்பு, 17 யார்டு போயாக வேண்டும், நிற்பதோ சொந்தக் கோட்டிலிருந்து 13ஆவது யார்டில். அங்கிருந்து 29 யார்டுக்கு ஒரு பந்து எறிந்தார், அதை அவர் அணிக்காரரே பிடித்துவிட்டார். படிப்படியாக முன்னேறி, 8 நொடி இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்தினார்கள். மார்க் ஹார்மன் பந்தைக் கோல்கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல் அடித்தார், அதற்கு 3 புள்ளி. 20–19. மீதி 4 நொடி.

"அந்த 8தான் எங்கள் தலையெழுத்து" என்றார் சிவப்புச் சட்டைப் பெரியவர் திரும்பிப் பார்க்காமலே. "நான்கில் நிறுத்தியிருந்தால் பந்து உதைபட்டவுடன் ஆட்டம் முடிந்திருக்கும்."

ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் அளவுக்கு மீறிக் கொண்டாடியதற்காக 15 யார்டு தண்டனை, அதனால் 25 யார்டு கோட்டிலிருந்தே பந்தைக் கலிஃபோர்னியாவுக்கு உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தரையோடு உருண்டு வந்த பந்தை கலிஃபோர்னியாவின் கெவின் மோயன் எடுத்தார். இந்த ஆட்டத்தில் முன்னோக்கி எறிவதற்குத்தான் கட்டுப்பாடு, பின்னோக்கியோ பக்கவாட்டிலோ எத்தனை முறை வேண்டுமானாலும் கைமாற்றலாம். நேரம் தீர்ந்தாலும், பந்து வைத்திருப்பவர் தரையில் விழும்வரை ஆட்டம் முடியாது. உள்ளே போவதற்கு முன் கலிஃபோர்னியா வீரர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தன் ஆட்களிடம் சொன்னது அதைத்தான்: பிடிபடப் போகிறாய் என்றால் பந்தைக் கைமாற்றிவிடு. மோயனிடமிருந்து ராட்ஜர்ஸ், அவரிடமிருந்து ட்வைட் கார்னர், மறுபடி ராட்ஜர்ஸ், அப்புறம் மேரியட் ஃபோர்ட், கடைசியில் மறுபடி மோயன். ஐந்து கைமாற்றம். பயிற்சியாளர் ஜோ காப் பயிற்சியின்போது இப்படிப் பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடவிடுவாராம், அந்த விளையாட்டுதான் அன்று கைகொடுத்தது.

கார்னரைச் சுற்றி ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் அமுக்கியபோது ஆட்டம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பேண்ட் 144 பேரும் தெற்கு முனை வழியாக மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். வானொலியில் வர்ணனை செய்துகொண்டிருந்த ஜோ ஸ்டார்கி பேண்ட் உள்ளே வந்துவிட்டது என்று அலறிய அலறல் இன்றைக்கும் இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஃபோர்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே எறிந்த பந்தைப் பிடித்த மோயன், வாத்தியக்காரர்களுக்கு நடுவில் புகுந்து ஓடி, கோட்டைத் தாண்டிக் குதித்த வேகத்தில் கேரி டிரெல் என்ற டிராம்போன்காரர்மேல் மோதினார். 25–20.

அந்த அம்மா இதை நின்றுகொண்டேதான் சொன்னார். மோயன் குதித்த இடம் வந்தபோது அவர் கையும் மேலே போனது. "அந்தப் பையனுக்கு அடிபட்டதா?" என்று என் மகள் கேட்டாள். அவளுக்கு அதுதான் கவலை. ஒன்றும் ஆகவில்லை, பின்னால் அவரும் மோயனும் நண்பர்களே ஆகிவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

கார்னரின் முழங்கால் தரையில் பட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பட்டதா இல்லையா என்பதில் சிவப்புச் சட்டைக்காரருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. பட்டது. அந்த அம்மாவுக்கும் சந்தேகம் கிடையாது. படவில்லை. வென்றவர்களுக்குக் கொடுக்கும் கோடரிக் கேடயத்தில் இந்தத் தகராறு பொறித்தே இருக்கிறது. கோடரி ஸ்டான்ஃபோர்டிடம் போனால் 1982இன் எண்ணை 20–19 என்று மாற்றிவிடுவார்கள், பெர்க்லிக்கு வந்தால் மறுபடி 25–20. ஆட்டம் முடிந்த நான்காம் நாள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பெர்க்லி மாணவர் பத்திரிகையைப் போலவே போலிப் பதிப்பு ஒன்றை அச்சடித்து, வெற்றியை ஸ்டான்ஃபோர்டுக்கே கொடுத்துவிட்டதாகச் செய்தி போட்டு 7,000 பிரதி பெர்க்லியில் பரப்பினார்களாம். "நானும் நம்பினேன், வகுப்பில் உட்கார்ந்து அழுதேன்" என்றார் அந்த அம்மா.

அவருடைய கணவர் மட்டும் இதில் எதுவும் பேசவில்லை. இடைவேளையில், மனைவி காபி வாங்கப் போனபோது, அவராகவே என்னிடம் சொன்னார். "நான் பார்க்கவில்லை."

ஹார்மன் ஃபீல்ட் கோல் அடித்தவுடன் அவர் எழுந்துவிட்டார். அப்போது இருவருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. நீ வா என்றிருக்கிறார், இன்னும் நான்கு நொடி இருக்கிறதே என்று அந்த அம்மா வரவில்லை. இவர் கோபத்தோடு படியிறங்கி வெளியே வந்து பீட்மாண்ட் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். அரங்கத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம், ஸ்டான்ஃபோர்டுக்காரர்களின் சந்தோஷம் என்று நினைத்தார். அப்புறம் ஒரு நீண்ட அமைதி. நடுவர் சார்லஸ் மாஃபெட் மற்ற நடுவர்களைக் கூட்டிப் பேசிய நேரமாக இருக்க வேண்டும் அது. அதற்கப்புறம் மலைமேல் பீரங்கி வெடித்தது. ஆட்டம் தொடங்கும்போது வெடிப்பதை விட்டால், கலிஃபோர்னியா புள்ளி எடுத்தால், வென்றால்தான் அது வெடிக்கும். எதிரணிக்கு வெடிக்காது. நடுத்தெருவில் நின்று, ஏன் வெடிக்கிறது என்று யோசித்தாராம். திரும்பி ஓடிவந்தபோது மைதானம் முழுக்க மனிதர்கள். நிச்சயித்த பெண் பெஞ்சின் மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருக்கிறாள். அவளிடம் அவர் கேட்ட முதல் வார்த்தை, "என்ன நடந்தது?"

"42 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த அன்பு எனக்குத் தொண்டையை அடைத்தது. அவர் கேட்டுக் கேட்டு அந்த ஆட்டத்தை வைத்திருக்கிறார். வீடியோவைப் பார்க்கும்போதுகூட மனைவி பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

இனி அன்றைய ஆட்டம். மூன்றாம் பகுதியில் எல்லாம் கைவிட்டுப் போன மாதிரிதான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு முன்னால். கடைசிப் பகுதியிலும் பின்தங்கியே இருந்தோம் (எங்களை அறியாமல் 'நாங்கள்' ஆகிவிட்டோம்). வெயில் இறங்கிக் குளிர் ஏறியது. நெரிசலுக்கு முன்னால் காரை எடுத்துவிடலாம் என்று நான் தண்ணீர் பாட்டிலையும் மகளின் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கலிஃபோர்னியா அணி அப்போது தன் சொந்தக் கோட்டிலிருந்து வெறும் 2 யார்டு தள்ளி நின்றது. 98 யார்டு போக வேண்டும்.

அந்த அம்மாவின் கணவர் என் பக்கம் கையை நீட்டினார். தடுக்கவில்லை, கை நீட்டியதுதான். "உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன்.

ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற பையன் அந்த 98 யார்டையும் கடத்தினான். ஒவ்வொரு முறை பந்து கைக்குப் போய்ச் சேரும்போதும் பெஞ்சு வரிசை முழுக்க அதிர்ந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது, 22 யார்டிலிருந்து எறிந்த பந்தை ஜோனதன் பிரேடி பிடித்தார். பீரங்கி வெடித்தது. நான் பயந்து மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டார், கணவர் கீழிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டான்ஃபோர்டுக்கு அதற்குப் பிறகும் நேரம் இருந்தது, ஆனால் எண்ணிக்கை மாறவில்லை. 24–21.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் ஐந்து. வெயிலையும் முதுகில்லாத பெஞ்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிக் கேம் ஒரு வருடம் பெர்க்லியில், அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில். பெர்க்லிக்கு இரட்டைப்படை ஆண்டுகள்தான் முறை. 2026க்கு அதே வரிசையில் இடம் வாங்க இப்போதே பணம் ஒதுக்கிவைத்திருக்கிறேன், இந்த முறை மறுவிற்பனைத் தளத்தில் இல்லை, பல்கலைக்கழகத்திடம் நேராக.

கூட்டம் கலைந்த பிறகும் அந்த மூவரும் எழவில்லை. கடிகாரப் பலகை அணையும்வரை இருப்பது அந்த அம்மாவின் கணவருடைய வழக்கமாம். சிவப்புச் சட்டைக்காரர் தோற்ற பிறகும் துணைக்கு உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். என் மகள் கீழே தெற்கு முனையைக் காட்டி, "அம்மா, அவர் டிராம்போனை எந்தக் கையில் பிடித்திருந்தார்?" என்று கேட்டாள். அந்த அம்மா மறுபடியும் எழுந்து நின்றார்.