லைக்கனை எண்ணுவதா, கட்டித் தொங்கவிடுவதா?

காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று லைக்கனை வைத்துப் பார்க்க இரண்டு வழி உண்டு: மரத்தில் இருப்பதை எண்ணலாம், அல்லது தூய இடத்திலிருந்து கொண்டுவந்து பையில் கட்டித் தொங்கவிடலாம். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்தான் லைக்கன். மரத்தண்டில் அப்பியிருக்கும் அதற்கு வேர் கிடையாது, மேலே மெழுகுப் படலமும் கிடையாது. மழையும் தூசியும் கொண்டுவருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். (குழம்பில் போடுகிற கல்பாசியும் லைக்கன்தான்.) பாரிஸின் காற்றுக்கும் லைக்கன்களுக்கும் உள்ள தொடர்பை தாவரவியலாளர் நைலாண்டர் 1866-லேயே எழுதிவிட்டார்.

இருப்பதை எண்ணுவது செலவில்லாத வழி. ஐரோப்பியத் தரம் ஈ.என். 16413-இன்படி, 10 செ.மீ. கட்டங்கள் ஐந்து கொண்ட ஏணிச் சட்டத்தைத் தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேல், தண்டின் நான்கு திசையிலும் வைத்து, எந்த இனம் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பட்டையின் அமிலத்தன்மை மாறினால் இனங்களும் மாறும். ஓக் மரத்தையும் பைன் மரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது. நம் சாலையோரப் புளியமரம் என்றால் அடித்திருக்கும் சுண்ணாம்பே பாதி இடத்தை மறைத்துவிடும். அம்மோனியா கூடிய இடத்தில் சாந்தோரியா பரியெட்டினா என்ற மஞ்சள் லைக்கன் செழிப்பதால், காற்று கெட்டும் எண்ணிக்கை ஏறலாம்.

ஆலைப் புகையில் வரும் உலோகம்தான் கேள்வி என்றால், என் ஓட்டு தொங்கவிடும் முறைக்கே. காரணம் தேதி. மரத்திலேயே வளர்ந்த லைக்கனில் ஈயம் இருந்தால் அது போன மாதத்ததா, பல வருடம் முந்தையதா என்று பிரிக்க முடியாது. தொங்கவிடும் பைக்கோ கட்டிய நாளும் இறக்கிய நாளும் உண்டு.

சூடெவெர்னியா ஃபர்ஃபுரேசியா என்ற லைக்கனைத் தூய மலைக்காட்டின் கிளைகளிலிருந்து எடுங்கள். தரையை ஒட்டியது வேண்டாம், மண் ஒட்டியிருக்கும். பட்டைத் துணுக்குகளைப் பிளாஸ்டிக் இடுக்கியால் நீக்குங்கள், எஃகு இடுக்கி குரோமியத்தைச் சேர்த்துவிடும். நைலான் வலைப்பையில் போட்டு நைலான் கயிற்றிலேயே கட்டுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியில் கட்டினால் மழைநீரோடு வடியும் துத்தநாகம் பைக்குள் போய், ஆலைமேல் வீண்பழி விழும். இடத்துக்கு மூன்று பை, சுமார் மூன்று மாதம். இறக்கியபின் கழுவக்கூடாது, தூசியும் கணக்கில் சேரும்.

கட்டாத ஒரு பங்கை உறைநிலையில் வைத்திருப்பதுதான் உயிர்நாடி. தொங்கவிட்டதன் அளவை அதனால் வகுத்தால்தான் ஏற்றம் தெரியும். மண்ணில் நிறைய இருக்கும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் புழுதியைச் சந்தேகியுங்கள்.

ஆய்வகச் செலவு கடிக்கும். நீண்ட கோடையில் காய்ந்த லைக்கன் உறங்கிவிடும். தூசி ஒட்டும், கரைந்து வருவதை அது அதிகம் உறிஞ்சாது. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும் எண்ணை ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று நேராக மாற்றவும் முடியாது. சட்ட வரம்போடு ஒப்பிடக் காற்றை அளக்கும் கருவிதான் வேண்டும். அதை எந்த இடத்தில் வைப்பது என்று வேண்டுமானால் பைகள் காட்டும்.