குளிரில் இறங்கும் வோல்ட்: டீசல் ட்ரக்கில் பல குளிர்காலங்களாகப் பார்த்தது

டீசல் ட்ரக்கில் குளிர்காலத்தில் சார்ஜ் சரியாக ஏறவில்லை என்றால் முதல் பழி ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) தலையில்தான் விழும். இரண்டு பேட்டரிகளை இணையாகக் கட்டிய 12 வோல்ட் டீசல் பிக்கப் ட்ரக் ஒன்றைப் பல குளிர்காலங்களாக ஓட்டி வருகிறேன். என்னைக் கேட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. மீட்டர் முனையை எங்கே வைக்கிறோம், எந்த நேரத்தில் வைக்கிறோம் என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

குளிரில் எது இயல்பு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். என் எஞ்சினில் காற்று உள்ளே போகிற வழியில் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆவதற்கு முன் மட்டுமல்ல, ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடங்களுக்கு அது விட்டு விட்டு வேலை செய்யும். இழுப்பது சாதாரண கரண்ட் இல்லை, ஏறக்குறைய 90 ஆம்பியர். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தராது என்பதால் பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். அந்த நேரத்தில் டாஷ்போர்டு வோல்ட் முள் 12 பக்கம் சரியும், ஹெட்லைட் மங்கும். ஹீட்டர் ஆஃப் ஆனதும் முள் 14-க்கு மேல் ஏறிவிடும். புதிதாக டீசல் வாங்கியவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பயந்துபோகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஹீட்டர் வேலை முழுக்க முடிந்த பிறகும் முள் ஏற மறுத்தால் அப்போது யோசிக்கலாம்.

இன்னொரு பக்கம், வோல்டேஜ் அதிகமாக இருக்கிறதே என்ற கவலை. லெட் ஆசிட் பேட்டரி குளிர்ந்தால் அதற்குள் சார்ஜைத் தள்ள கூடுதல் அழுத்தம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் 0.02 வோல்ட் கூட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வெயில் காலத்தில் 14.2 காட்டும் வண்டி, மைனஸ் 10 டிகிரியில் 14.8 காட்டினால், சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். உறைகுளிரிலும் அசையாமல் 13.8-லேயே நிற்கும் வண்டியைத்தான் நான் சந்தேகிப்பேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் வெப்பநிலை சென்சார் வைத்திருக்கும் மாடல்களில் அந்த சென்சார் தப்பாகச் சொன்னாலே இப்படி ஆகும்.

சரி, என் வண்டியில் உண்மையாகவே வந்த கோளாறுக்கு வருகிறேன். ஒரு குளிர்காலத்தில் ஹீட்டர் சுழற்சி முடிந்த பிறகும் டாஷ்போர்டில் 13.4-க்கு மேல் ஏறுவது பெரும்பாடாக இருந்தது. காலையில் செல்ஃப் மோட்டார் முனகியது. கோடையில் இதே வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. பணிமனையில் பார்த்தவர்கள், ஆல்டர்னேட்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. போன ஆல்டர்னேட்டர் கோடையில் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

எஞ்சினை 1500 ஆர்பிஎம் பக்கம் நிறுத்தி, ஹெட்லைட்டும் புளோயரும் ஓட, ஹீட்டர் ஆன் ஆகும் நேரம் பார்த்து அளந்தேன். ஆல்டர்னேட்டரின் பின்பக்க பாசிட்டிவ் போல்ட்டில் 14.5 இருந்தது. பேட்டரியின் ஈயக் கம்பத்தில் 13.6. கிளாம்ப்பில் அல்ல, கம்பத்தின் நடுவிலேயே முனையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளாம்ப் இணைப்பில் உள்ள இழப்பு கணக்கில் வராது. ஆக, நடுவில் 0.9 வோல்ட் காணாமல் போகிறது. பாசிட்டிவ் பக்கத்தில் 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் வரை இழப்பு இருக்கலாம். எர்த் பக்கத்தில், அதாவது ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில், 0.1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எனக்கு எர்த் சுத்தமாக இருந்தது.

கோடையில் ஏன் தெரியவில்லை என்பதற்கு இங்கேதான் விடை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பக்கம் போகும் பாசிட்டிவ் கேபிளில் அப்போது ஓடிய கரண்ட் 90 ஆம்பியர். 0.9 வோல்ட் இழப்பு என்றால் தடை 0.01 ஓம். கோடையில் அதே கேபிளில் 15 ஆம்பியர்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இழப்பு வெறும் 0.15 வோல்ட். எந்தச் சோதனையிலும் பாஸ் ஆகிவிடும். கோளாறு வருடம் முழுக்க இருந்திருக்கிறது, குளிர்கால லோடுதான் அதை வெளியே இழுத்துப் போட்டது. 90 ஆம்பியரில் 0.9 வோல்ட் என்றால் 80 வாட் சொச்சம் வெப்பம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். முழு நீளமும் சில்லென்று இருக்க, ஃபியூஸ் பெட்டிப் பக்க லக் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) மட்டும் சுட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு டேப்பைப் பிரித்தால், லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப்புக்குள் செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடியாகக் கிடந்தன. அந்தக் கேபிளை மாற்றியதும் அதே லோடில் இழப்பு 0.2-க்குக் கீழே வந்தது. ஆல்டர்னேட்டர் இன்றும் அதேதான்.

ஒரு எச்சரிக்கை: என் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் தன் போல்ட்டிலேயே வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளும் வகை. சில வண்டிகளில் கம்ப்யூட்டர் பேட்டரிப் பக்கம் பார்த்துக் கட்டுப்படுத்தும். அவற்றில் இதே கோளாறு வந்தால் பேட்டரியில் அளவு சரியாக இருந்து, ஆல்டர்னேட்டர் போல்ட்டில் 15-க்கு மேல் காட்டக்கூடும். அதைப் பார்த்து ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரட்டைப் பேட்டரி தனி வம்பு. இணையாகக் கட்டியிருக்கும்போது நோஞ்சான் பேட்டரி நல்லதையும் சேர்த்துக் கீழே இழுக்கும். இரண்டிலும் மீட்டர் ஒரே அளவைத்தான் காட்டும். கழற்றி, ஒரு இரவு தனித்தனியே வைத்துவிட்டு அளந்தால் சாயம் வெளுத்துவிடும். முழு சார்ஜில் 12.6 பக்கம் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான். அப்புறம் லோடு டெஸ்ட். சிசிஏ (பேட்டரி உறைகுளிரில் தரக்கூடிய ஸ்டார்ட்டிங் கரண்ட், பேட்டரி மேலேயே எழுதியிருக்கும்) அளவில் பாதி லோடை 15 வினாடி கொடுத்தால் 21 டிகிரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மைனஸ் 18-ல் 8.5 வரை ஏற்றுக்கொள்ளலாம். இந்தக் குளிர்ச் சலுகை தெரியாமல் நல்ல பேட்டரியைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. மாற்றுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்து, ஒரே வகையில் மாற்றுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்துபோயிருந்தால் மட்டும் சார்ஜர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும் ஆபத்து உண்டு.

பெல்ட், டென்ஷனர், கார்பன் பிரஷ் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதுதான், அதில் பெரிய சூட்சுமம் இல்லை. மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட் அளவில் வைத்து ஓடும் எஞ்சினில் பேட்டரியை அளந்து 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக (நேர்திசை மின்சாரம்) மாற்றும் டயோடு போயிருக்கிறது.

கருவிகளில், சிகரெட் சாக்கெட்டில் செருகும் வோல்ட்மீட்டரை நான் நம்புவதில்லை. புளோயர் போட்டாலே அதில் அளவு இறங்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பார்க்க மட்டும் உதவும். விலை குறைந்த மல்டிமீட்டரே போதும். ஆனால் உறைகுளிரில் அதன் திரை மந்தமாகிவிடும், அதனால் போட்டிருக்கும் கோட்டின் பைக்குள்ளேயே வைத்திருப்பேன். சாதாரண வயர்கள் குச்சியாக விறைத்துக்கொள்ளும். சிலிகான் உறை போட்ட வயரும் முதலைக் கிளிப்பும் வாங்கிய பிறகு கையுறையோடே வேலை முடிகிறது. கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளப்பது) வாங்கினால் டிசி அளக்கும் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள், ஏசி மட்டும் அளப்பது பேட்டரி வயரில் பூஜ்யம்தான் காட்டும். குளிரில் அதன் பூஜ்யமும் நகரும், ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும்.

24 வோல்ட் கனரக வண்டி வைத்திருப்பவர்கள் ஓய்வு அளவையும் சார்ஜிங் அளவையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். அங்கே பேட்டரிகள் தொடராக இருப்பதால், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோ ஏதாவது ஓட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். மொத்தம் 28 காட்டும், ஆனால் ஒன்று பட்டினியிலும் மற்றது ஓவர்சார்ஜிலும் இருக்கும்.