கீஷுக்கு எந்த அடிமாவு: பட்டரா, சீஸா?

கீஷ் என்பது மாவுத் தட்டில் முட்டை, பால் கலவை ஊற்றி ஓவனில் வேகவைக்கும் பண்டம். பிரான்சின் லொரேன் வட்டாரத்தில் பேர்பெற்ற இதை மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் செய்தால், முதலில் படுத்துவது அடித்தட்டாகும் அடிமாவுதான்.

வழக்கமான முறையில் குளிர்ந்த பட்டரைக் கோதுமை மாவில் விரல்நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்க்க வேண்டும். பட்டர் சின்னத் துணுக்குகளாக நின்றால்தான் மொறுமொறுப்பு வரும். நம் ஊர் மதிய வெயிலில் அது சீக்கிரம் இளகிவிடும். நடுநடுவே ஐஸ் பெட்டியில் வைத்தெடுத்து, தேய்த்து, மேலே தாள் விரித்து, மாவு உப்பாதிருக்கப் பாரமாகக் கொண்டைக்கடலையைப் பரப்பி, வெறும் மாவை முதலில் ஓவனில் வேகவைக்க வேண்டும். பொறுமை இருந்தால் இதன் பொரபொரப்புக்கு ஈடில்லை.

சீஸ் அடிமாவுக்கு ஒரு கப் மாவு, ஒரு கப் துருவிய செடார் சீஸ், கொஞ்சம் பட்டர். சேர்த்துப் பிசைந்து தட்டில் விரலால் அழுத்தினால் சரி, தேய்க்கும் வேலையே இல்லை. மாவு கொஞ்சம் இளகினாலும் பாதகமில்லை. உப்பு சீஸிலேயே இருப்பதால் தனியாகப் போடாதீர்கள். ஓரம் சீக்கிரம் சிவக்கும், அலுமினியத் தாளால் மூடுங்கள். செலவு கூடுதல்தான், ஆனாலும் வீட்டுச் சமையலுக்கு என் ஓட்டு இதற்கே.

எந்த அடிமாவானாலும், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கீரையையும் காளானையும் நீர் வற்றும்வரை வதக்குங்கள். அதை அடிமாவில் பரப்பி, 3 முட்டைக்கு ஒன்றரை கப் பால் கலந்து ஊற்றுங்கள்; ஓவனில் 180 டிகிரி செல்சியஸ் சூடு. நடுப்பகுதி லேசாக ஆடும்போதே இறக்கி, ஆறவிட்டு வெட்டுங்கள்.