முறிந்த இழைப்புளிக் கைப்பிடி: வஜ்ஜிரமா, எபாக்சியா?

பழைய ஸ்டான்லி 4-ஆம் எண் இழைப்புளியின் ஈட்டிமரக் கைப்பிடி பெரும்பாலும் கழுத்தில்தான் முறியும். முறிவு புதிது, சிம்பு உதிராமல் இரு துண்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) போதும். ஒட்டிய கோடு தெரியாது. பிசகினால் வெந்நீரில் இளக்கிப் பிரிக்கலாம். இடைவெளியை மட்டும் அது நிரப்பாது.

எண்ணெயும் அழுக்கும் ஊறிய பழைய முறிவுக்கு எபாக்சிதான் (இரண்டு கூறுகளைக் கலந்து பூசும் பிசின்). ஈட்டியிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. அசிட்டோனால் துடைத்து, உலர்ந்ததும் உடனே ஒட்டுங்கள். 5 நிமிட வகை வேண்டாம். மெதுவாக இறுகுவதை வாங்கி, சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிச் சுற்றி 24 மணி நேரம் விடுங்கள். ஒட்டும்போது கைப்பிடியின் திருகுத் துளைக்குள் மெழுகு பூசிய கம்பி இருந்தால் துண்டுகள் நழுவாது.

எதால் ஒட்டினாலும், ஆடுகிற கைப்பிடி மறுபடி முறியும். மரம் சுருங்கியதால் பித்தளை நட்டு மரத்தைப் பிடிக்குமுன்பே, கைப்பிடியை இழைப்புளியோடு பிணைக்கும் திருகுக் கம்பியில் முட்டி நிற்கும். அந்தக் கம்பி நுனியை 2 மி.மீ. அராவிவிடுங்கள்.