'ரன்' சொல்லும் ஓர் அகராதியும்

ஆங்கில அகராதி ஒன்றை வாங்குமுன் அதில் அருஞ்சொற்கள் எத்தனை என்று நான் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் அடங்கும் 'ரன்' (ஓடு) என்ற சொல் இருக்கும் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பேன். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்கள் இதன் வினைப் பொருள்களை மட்டும் 645 என்று வகுத்திருக்கிறார்கள். கற்போருக்கான கைப்புத்தகம் அத்தனையையும் சுமக்க முடியாது. எதை விடுவது, எஞ்சியதை எப்படி அடுக்குவது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி'யின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வாகனம், திரவம், தேர்தல், நிறம் என்று ஒரு குறிப்புச்சொல் நிற்பதால், பத்தி முழுவதையும் படிக்காமல் வேண்டிய இடத்துக்கு நேரே போய்விடலாம். துவைத்த புடவையைப் பற்றி 'ரன்' வரும் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் இட்டபோது, 'நிறங்கள் ஓடின' என்று வந்தது. இந்த அகராதியிலோ 'நிறம்' என்ற குறிப்பின் கீழ், நனைந்த துணியிலிருந்து சாயம் கரைந்து வேறு துணிகளிலும் ஏறக்கூடும் என்ற விளக்கம் இருக்கிறது. நம் வீடுகளில் சொல்லும் 'சாயம் போகிறது' சட்டென்று நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவருடைய துணையாசிரியர்களும் தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதிதான் இதன் மூலம். ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் வெளியிட்டது. பிறமொழி மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை அறிந்தவர்களின் கை இன்றும் தெரிகிறது. 'ரன்' செயப்படுபொருள் ஏற்று வந்தால் ஹோட்டல் நடத்துவதையும் குளியல்தொட்டியில் நீர் நிரப்புவதையும் குறிக்கும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களே காட்டிவிடுகின்றன.

தமிழிலும் வண்டி ஓடும், கடிகாரம் ஓடும், நல்ல படமானால் நூறு நாள் ஓடும். ஆனால் ஆங்கிலத்தில் 'ஓடும்' மூக்கு தமிழில் ஒழுகத்தான் செய்யும். தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளரோ நம்மவரைப் போல நிற்கிறார். இந்த வேறுபாட்டையும் அகராதி மறக்காமல் குறித்திருக்கிறது.

குறை ஒன்று உண்டு. மரபுத்தொடர்களில் பெரும்பாலானவற்றை 'ரன்' என்பதன் கீழ்த் தராமல், தொடரிலுள்ள மற்றச் சொல்லின் கீழ்ப் பார்க்கச் சொல்கிறார்கள். கட்டுக்கடங்காமல் போவதைக் குறிக்கும் 'ரன் ரயட்' வேண்டுமானால் 'ரயட்' இருக்கும் பக்கத்தைத் தேடிப் போக வேண்டும். தொடரில் எது மரபு, எது சாதாரணச் சேர்க்கை என்று அறியாத மாணவருக்கு இது வீண் அலைச்சல். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே படிப்பவருக்கு இதை வாங்கித் தர வேண்டாம் என்பேன். அவருக்குத் தமிழ்ப் பொருள் தரும் அகராதி ஒன்றே முதலில் போதும்.